வேலி போட்டவர்

எங்கள் ஆய்வு நிலையத்தில் தரவு சுத்தம் செய்யும் அறைக்கு வெளியே ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் அது துப்புரவுப் பிரிவு. அப்படிச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். பதின்மூன்று வருடமாக அந்தச் சிரிப்பைக் கேட்டபடி அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் அக்கா.

எனக்கு அவர் சொந்தம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று "மேடம்" என்று கூப்பிட்டேன். "மேடமெல்லாம் மாடியில இருப்பாங்க. நான் அக்கா," என்றார். பதிலுக்கு எனக்கு அவர் வைத்த பெயர் எம்எஸ்ஸி. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று தடவை சொல்லிவிட்டேனாம். சொன்னால்தான் என்ன? உள்ளதைத்தானே சொன்னேன்.

அக்கா படித்தது கணினி டிப்ளமோ. பதவி, தற்காலிக உதவியாளர். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். பதின்மூன்று வருடத் தற்காலிகம்.

அவருடைய வேலையைச் சொன்னால்தான் நடந்தது புரியும். இப்போதுதான் பிறந்த நட்சத்திரங்களைச் சுற்றித் தூசியும் வாயுவும் ஒரு வட்டாகச் சுழலும். அந்த வட்டில்தான் கோள்கள் உருவாகும். ஒரு கோள் வளரும்போது தன் பாதையில் உள்ள தூசியைத் தின்றும் தள்ளியும் வழி செய்துகொள்ளும். அப்போது வட்டில் வளையமாக ஓர் இருண்ட இடைவெளி விழும். எங்கள் ஆட்கள் தேடுவது அந்த இடைவெளியைத்தான்.

வரிசையாக நிற்கும் ரேடியோ ஆன்டெனாக்கள் அந்த வட்டுகளைப் பார்க்கும். ஆனால் அவற்றிலிருந்து முதலில் வருவதைப் படம் என்று சொல்ல முடியாது. குளத்தில் கல் விட்டெறிந்த மாதிரி சுற்றிலும் பொய் அலைகள் நிற்கும். மென்பொருள் உண்மையான ஒளியைப் புள்ளி புள்ளியாகப் பொறுக்கி, பொய் அலைகளைக் கழிக்க வேண்டும். எது உண்மை, எது பொய் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒரு ஆள் உட்கார்ந்து மௌஸால் கோடு வரைந்து, "இதுக்குள்ள மட்டும் தேடு" என்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்டுக்கு எங்கள் அறையில் வேலி என்று பெயர். மாடியில் பேராசிரியர்கள் காட்டிக் கைதட்டல் வாங்கும் ஒவ்வொரு படத்துக்கும் அடியில் அக்கா போட்ட வேலி ஒன்று இருக்கிறது. படத்தில் அது தெரியாது.

சென்ற ஆண்டு ஒரு வட்டு வந்தது. மூன்று லட்சம் வருடம்கூட ஆகாத நட்சத்திரம். அட்டவணையில் அதற்குப் பதினான்கு இலக்க எண். நாங்கள் வைத்த பெயர் கைக்குழந்தை. அந்த வயதில் கோள் இருக்காது என்பது பொதுவான கணக்கு. ஆனால் அக்கா சுத்தம் செய்து அனுப்பிய படத்தில் மங்கலாக ஓர் இடைவெளி தெரிந்தது. எங்கள் பேராசிரியர் இரண்டு நாள் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் கட்டுரை எழுதப்போவதாக அறிவித்தார். ஆறு ஆசிரியர்கள். ஐந்தாவது நான். ஆறாவது அக்கா.

பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக அக்காவின் பெயர் ஒரு கட்டுரையில் வரப்போகிறது. சரியான நேரமும்கூட. அந்த மாதம்தான் துப்புரவுப் பிரிவுக்கு ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் அறிவித்திருந்தார்கள். வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும். பட்டம் இல்லாதவர்கள் ஆய்விதழுக்கு அனுப்பப்பட்ட ஒரு கட்டுரையிலாவது ஆசிரியராக இருக்க வேண்டும். அக்காவுக்கு நாற்பது முடிய இரண்டு மாதம் இருந்தது. அடுத்த அறிவிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. இதை விட்டால் காலத்துக்கும் பதினொரு மாத ஒப்பந்தம்தான்.

"விண்ணப்பத்த நிரப்பி வெச்சுட்டேன் எம்எஸ்ஸி. ஒரு கட்டம்தான் காலியா இருக்கு," என்று உறையைக் காட்டினார். கட்டுரைத் தலைப்பு எழுத வேண்டிய கட்டம் அது.

அனுப்புவதற்கு முன் ஒரு புதன்கிழமை மதியம் பேராசிரியர் கருத்தரங்கக் கூடத்தில் எல்லோருக்கும் படத்தைக் காட்டினார். ஒரு பக்கம் கைக்குழந்தை. இன்னொரு பக்கம் பெரியண்ணன். பெரியண்ணன் என்பது முப்பது லட்சம் வயதுள்ள, இடைவெளி நன்றாகத் தெரிகிற, எல்லோருக்கும் பழக்கமான வட்டு.

"கவனிங்க," என்றார். "பெரியண்ணன்ல இடைவெளி, வட்டோட ஆரத்துல நாற்பத்தொரு சதவீதத்துல இருக்கு. கைக்குழந்தையிலயும் நாற்பத்தொண்ணு. பத்து மடங்கு வயசு வித்தியாசம், அதே விகிதம்! இது தற்செயலா?"

கூடம் கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் அக்கா தட்டவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"என்னக்கா?"

"நான் ரூமுக்குப் போறேன்."

கூட்டம் முடிந்து நான் போனபோது கைக்குழந்தையின் பழைய கோப்புகளைத் திறந்து வைத்திருந்தார். திரையில் ஒரு வேலி. வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வட்டம், இரண்டுக்கும் நடுவே காலி.

"இது பெரியண்ணன் வேலி," என்றேன்.

"ஆமா. கைக்குழந்தைக்கும் இதத்தான் போட்டிருக்கேன்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். அந்த வாரம் நாற்பது தரவுகள் ஒன்றாக வந்து குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் புதிதாக வேலி வரைய நேரமில்லை. இந்த அறையில் காலம்காலமாக எல்லோரும் செய்வதுதான்: பழைய வேலி ஒன்றைக் காப்பி எடுத்து, சுருக்கியோ நீட்டியோ புதியதன்மேல் பொருத்துவது. பொருத்திய பிறகு வேண்டாத கோட்டை அழிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு, அண்ணனின் இடைவெளியை விலக்கி வைக்கும் உள் கோட்டை அழிக்க மறந்துவிட்டார்.

"அண்ணன் சட்டைய வெட்டி தம்பிக்குத் தைச்சிருக்கேன். ஓட்டையும் சேர்ந்து வந்திருக்கு."

நடுவில் தேடாதே என்று நாமே சொல்லிவிட்டால் மென்பொருள் நடுவில் ஒளியைப் பொறுக்காது. பொறுக்காத இடம் இருட்டாகத்தான் இருக்கும். நாற்பத்தொரு சதவீதம் ஏன் அப்படியே பொருந்தியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேராசிரியர் கண்டுபிடித்தது பிரபஞ்ச விதியே அல்ல. அக்காவின் காப்பி-பேஸ்ட்.

உள் கோட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். நாற்பது நிமிடம் ஆனது. கைக்குழந்தையின் வட்டு வழவழவென்று, கழுவி வைத்த தட்டு மாதிரி வந்தது. இடைவெளி இருந்த இடத்தில் லேசாக ஒரு மங்கல். அது கருவியின் வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.

"இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது," என்றேன்.

"இருக்குன்னும் சொல்ல முடியாது. நாற்பத்தொண்ணுன்னு சத்தியமா சொல்ல முடியாது."

அன்று மாலையே மாடிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். துணை என்றால் வாசல்வரை. உள்ளே போய்ப் பேசியது அவர்தான். கதவு திறந்துதான் இருந்தது.

பேராசிரியர் கெட்டவர் அல்ல. இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வேறொரு நாட்டுக் குழுவும் இதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்குச் செய்தி வந்திருந்தது. அதிலிருந்து யார் பேசினாலும் பாதிதான் அவர் காதில் விழும்.

"சார், அந்த இடைவெளி என் வேலியால வந்தது சார்."

"வேலி இல்லேன்னா எல்லாம் கலங்கித்தாம்மா தெரியும். அதுக்குத்தானே வேலியே போடறோம்."

"இது அதோட வேலி இல்ல சார். பெரியண்ணனோடது."

"வேலி யாரோடதா இருந்தா என்ன? ஒளி கைக்குழந்தையோடதுதானே?"

"நடுவுல தேட விடவே இல்ல சார் நாம."

"சரி, படத்த மெயில் பண்ணுங்க, பாக்கறேன்."

மெயில் அனுப்பினார். இரண்டு படங்கள், கோப்பின் தேதி, நான்கு வரி விளக்கம். பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. பதில் இல்லை. அடுத்த வாரம் மூன்றாவது. அதற்கு ஒரு பதில் வந்தது, தானாக வருகிற பதில்: "நான் பயணத்தில் இருக்கிறேன்." அவர் மாடியில்தான் இருந்தார். ஜன்னலில் நிற்பது எங்களுக்கே தெரிந்தது.

"படிச்சிருப்பார்க்கா."

"படிச்சிருந்தா கோபமாவது வந்திருக்கும். துப்புரவுலேர்ந்து வந்த மெயில யாரு தெறக்கறது?"

திங்கட்கிழமை காலை கட்டுரை ஆய்விதழின் இணையதளத்தில் ஏறியது. அந்த ஆய்விதழில் ஒரு முறை உண்டு. ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் வரும். "இக்கட்டுரையின் ஆசிரியர்களில் நானும் ஒருவர். இதன் உள்ளடக்கத்தை ஏற்கிறேன்." கீழே ஒரு பொத்தான். ஆறு பேரும் அழுத்தினால்தான் கட்டுரை உள்ளே போகும்.

நான் அழுத்திவிட்டேன். வேலி விவகாரம் முழுதும் தெரிந்த பிறகுதான் அழுத்தினேன். இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அழுத்தியதும் வெளியே போய் அப்பாவுக்கு போன் செய்தேன்.

"அப்பா, பெரிய பத்திரிகையில என் பேரு வருதுப்பா."

"இனிஷியலோடயா?"

"ஆமாப்பா. இனிஷியல்தான் முதல்ல."

"அப்ப எம் பேருதான்டா முதல்ல வருது!" என்று சிரித்தார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுச் சொல்லும் சத்தமும் கேட்டது. அதற்கு மேல் என்னால் என்ன சொல்ல முடியும்?

அக்கா அழுத்தவில்லை. செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு நாளும் இணையதளத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த செவ்வாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நான்காவது மாடி. அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைப் பற்றி நான் ஒரு தடவை சொன்ன நகைச்சுவைக்கு அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. அன்று வெறும் பனியனோடு தரையில் உட்கார்ந்து மகளின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. நீங்களே சொல்லுங்க உங்க அக்காகிட்ட. ஒரு பட்டன் அமுக்கறதுக்கு ஆறு நாளா?"

"அமுக்கிட்டா நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மத்த அஞ்சு பேரும் படிச்சவங்க. அவங்க ஒத்துக்கிட்டாங்க. உனக்கு மட்டும் என்ன வந்துது?"

"வேலி போட்டது அவங்க இல்ல." அக்கா டீயோடு வெளியே வந்தார். "உங்க லிஃப்ட்ல கயிறு தேஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுது. மேலதிகாரி, ஓடுதுல்ல, கையெழுத்துப் போடுன்னு சொன்னா போடுவீங்களா?"

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"அது ஆள் சாவற விஷயம்டி. இங்க யாரு சாவறா? எங்கயோ கோடி கோடி மைல் தள்ளி ஒரு தூசி வட்டம். அதுல ஓட்டை இருந்தா என்ன, இல்லேன்னா என்ன? உனக்கு வேல நிரந்தரமாகும். நாளைக்கு வேற எவனாவது வந்து அது தப்புன்னு எழுதுவான். உங்க ஆளுங்க வேலையே அதானே?"

அக்கா டீயை என்னிடம் நீட்டினார். மனதுக்குள் வீட்டுக்காரர் பக்கம்தான் நானும் இருந்தேன். மகள் பெடலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, தப்புன்னா ரப்பர் வெச்சு அழிக்க வேண்டியதுதானே?" என்றாள்.

"அழிச்சாச்சு. யாரும் பாக்க மாட்டேங்கறாங்க," என்றார் அக்கா. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பதினொரு மணிக்குத் துப்புரவுப் பிரிவின் கதவு திறந்தது. பேராசிரியர். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்ததில்லையாம், பதின்மூன்று வருடத்தில். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. உடைந்த கைப்பிடியுள்ள நாற்காலியை நான் நகர்த்திப் போட்டேன்.

"என்னம்மா, உங்க ஒரு ஆளுக்காக மொத்தக் கட்டுரையும் நிக்குது."

"வந்தது நல்லதாப் போச்சு சார். ரெண்டே நிமிஷம்." திரையை அவர் பக்கம் திருப்பினார். "இது உள் கோட்டோட. இது உள் கோடு இல்லாம."

பேராசிரியர் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம்போல அவர் முகத்தில் ஏதோ ஓடியது. எனக்கு நம்பிக்கைகூட வந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"மங்கல் இருக்கே நடுவுல?"

"இரைச்சல் அளவுதான் சார் இருக்கு."

"இருக்குல்ல? அதான் இடைவெளி. வேலி அத எடுத்துக் காட்டுது, அவ்வளவுதான்."

"விகிதம் சார்? அந்த நாற்பத்தொண்ணு என் கோடு சார்."

"அம்மா, நீங்க சுத்தம் பண்றீங்க, ரொம்ப நல்லாப் பண்றீங்க. அதுக்கு விளக்கம் சொல்றது எங்க வேலை. இப்ப அமுக்கறீங்களா?"

"இப்படியே போறதா இருந்தா நான் அமுக்க மாட்டேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். ஐந்தாவது ஆசிரியர் என்ன சொல்கிறான் என்று பார்த்தாரோ என்னவோ. நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"சரி," என்றார். "யாரையும் கட்டாயப்படுத்த முடியாது." அதட்டவில்லை, முறைக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாலை நான்கு மணிக்கு அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, ஐந்து ஆசிரியர்களோடு கட்டுரையை அனுப்பினார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பத்தியில் "தரவுப் பிரிவின் ஊழியர்களுக்கு" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை போனது. உறை அக்காவின் இழுப்பறையிலேயே கிடந்தது. நிரந்தர இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். நல்ல பெண்தான். முதல் நாளே அக்காவிடம் வந்து, "வேலி எப்படிப் போடணும்?" என்று கேட்டாள். அக்கா சொல்லிக்கொடுத்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏழு வாரம் கழித்து மதிப்புரை வந்தது. யாரென்று தெரியாத ஒரு மதிப்புரையாளர் மூன்று கேள்வி கேட்டிருந்தார். இரண்டாவது கேள்வி: தேடும் எல்லையைக் கையால் வரைந்தீர்களா? அப்படியானால் இடைவெளிக்குள்ளும் தேடி எடுத்த படத்தைக் காட்டவும்.

அன்று காலை அக்காவுக்கு மாடியிலிருந்து மெயில் வந்தது. "அவசரம். உள் கோடு இல்லாத படம் நான்கு மணிக்குள் தேவை."

அக்கா தன் பழைய மெயில்களில் தேடி, முதலில் அனுப்பியதை எடுத்தார். அப்படியே மறுபடி அனுப்பினார். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

"ஒரு வரியாவது எழுதுங்கக்கா. அன்னிக்கே சொன்னேன்னு."

"அதுலதான் தேதி இருக்கே."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நன்றி." அவ்வளவுதான். அந்த வாரமே கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். குழுக் கூட்டத்தில் பேராசிரியர் சொன்ன காரணம், "தரவுச் செயலாக்கத்தில் ஒரு பிழை." தரவுச் செயலாக்கம் என்றால் துப்புரவுப் பிரிவு. எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கட்டுரை போய்விட்டது என்று அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. நிர்வாகப் பிரிவுக்கு ஏறிப் போனேன். அங்கிருந்த குமாஸ்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பான கட்டுரை என்று முதலில் சொன்னவரே அக்காதான், அதற்கு உங்கள் விதியில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"கட்டுரையில பேரு இருக்கா?"

"இல்ல. தப்புன்னுதான் பேரே போடல."

"அப்ப கட்டத்துல என்ன எழுதறது?" அவர் நிஜமாகவே யோசித்தார். "போட்டிருக்கலாமே சார். நாங்க கட்டுரைய அனுப்பின தேதிய மட்டும்தான் பாப்போம். அப்புறம் அது நின்னுச்சா, திரும்பி வந்துச்சான்னெல்லாம் பாக்க மாட்டோம். அன்னிக்கு அமுக்கியிருந்தாங்கன்னா இன்னிக்கு அவங்க நிரந்தரம்."

இதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று மூன்று மாடிப் படி இறங்கும்வரை யோசித்தேன். அறைக்குள் போனதும் என் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அக்கா புதிதாக வந்த ஒரு தரவுக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தார். மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"சார் நம்ம ரூமுக்கு வந்தாரே, அன்னிக்குக் காலையில ஒம்பது மணிக்கே போய் அந்தக் குமாஸ்தாகிட்ட கேட்டுட்டு வந்தேன். இதத்தான் சொன்னாரு."

"அப்புறமும் ஏன்க்கா?"

"ஏன்னு கேக்காத எம்எஸ்ஸி. வீட்லயும் தெனம் இதே கேள்வி. எனக்கே எரிச்சலா இருக்கு." திரையில் கோடு கோணலாகப் போய்விட்டது. அழித்துவிட்டு முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார். "அந்த ஜன்னல் திரைய இழுத்து விடு. வெயில்ல ஒண்ணும் தெரியல."